ஆளில்லாத ஐஸ் பெட்டி

டெல்லியில் ராட்டினம் இருக்குமா என்று சின்னக்கண்ணு மறுபடியும் கேட்டார்.

"அது அந்த மாதிரி எக்ஸிபிசன் இல்லப்பா," என்றாள் சுபஸ்ரீ. "படம், சிலை, இன்னும் என்னென்னவோ வெப்பாங்க. உலகம் பூரா இருந்து வந்து பாப்பாங்க. வாங்கறவங்க வாங்கிக்கினு போவாங்க."

"அப்ப டெல்லி அப்பளம்?"

"தெரியலப்பா."

"டெல்லியிலயே டெல்லி அப்பளம் இல்லன்னா வேற எங்கதான் இருக்கும்? திருக்கோவிலூரு திருவிழாவுலயே இம்மாம் பெருசு போடறான்."

வாசற்படியில் உட்கார்ந்து அவர் ஸ்வெட்டர் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நாராயணசாமி வீட்டில் கேட்டு வாங்கி வந்த மெரூன் நிற ஸ்வெட்டர். நாராயணசாமியின் மகன் பெங்களூரில் வேலை பார்த்தபோது போட்டது. கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றுவிட்டது. இழுத்துப் பார்த்தார். விட்டதும் அது மறுபடியும் மேலே ஏறிக்கொண்டது.

காசியம்மாள் அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "கழட்டுங்க அத. வேர்வ ஏறிடும். திருப்பிக் குடுக்கணும்."

"டெல்லில வேர்க்காதுடி."

"இது டெல்லி இல்ல."

காலையிலிருந்து கரும்பு வெட்டிவிட்டு வந்த உடம்பு அவளுக்கு. முழங்கை வரைக்கும் கரும்புச் சோகை கீறிய கோடுகள். அரிசியில் கல் பார்க்கும்போதே கண் செருகியது. டெல்லிப் பேச்சு வரும்போதெல்லாம் அவள் இப்படித்தான், ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை, அதற்கு மேல் கிடையாது. களைப்பு என்று சின்னக்கண்ணு நினைத்துக்கொண்டார். களைப்பும்தான். ஆனால் வேறு ஒன்றும் இருந்தது. அது தெரிந்த இன்னொரு ஆள் அந்த வீட்டில் சுபஸ்ரீ மட்டும்தான்.

சின்னக்கண்ணு நாராயணசாமியிடம் டிராக்டர் ஓட்டுகிறார். கரும்புக் காலத்தில் வயலுக்கும் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்கும் நடுவில்தான் அவர் வாழ்க்கை. மற்ற நாளில் உழவு, எரு, செங்கல் என்று எது வந்தாலும் ஓட்டுவார். காசியம்மாள் நடவுக்கும் களைக்கும் கரும்பு வெட்டுக்கும் போவாள். அது போக அவளுக்கு இன்னொரு பேர் உண்டு. சுற்றுப்பட்டு ஊர்களில் யார் செத்தாலும் அவளுக்கு ஆள் வரும். அவள் வந்து சேரும் வரைக்கும் சாவு வீட்டுப் பெண்கள் சும்மா மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பார்கள். அவள் பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து முதல் அடியை எடுத்த பிறகுதான் அழுகையே அழுகையாகும்.

அதைக் கேள்விப்பட்டுத்தான் செந்தமிழ்ச்செல்வி வந்தாள். திருக்கோவிலூர்ப் பெண்தான். ஓவியக் கல்லூரியில் படித்து, சென்னையில் குடியேறி, இப்போது வண்ணத்தையெல்லாம் விட்டுவிட்டு வெறும் ஒலியை வைத்து வேலை செய்கிறாள். கையில் ஒரு சின்ன ரெக்கார்டர், காதில் பெரிய ஹெட்போன். போன கார்த்திகை மாதம், ஆலை அரைக்க ஆரம்பித்த சமயம், காசியம்மாளைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டாள். காசியம்மாளின் ஒப்பாரியைப் பதிவு செய்ய வேண்டும் என்றாள்.

"வூட்ல ஆவாதும்மா," என்றாள் காசியம்மாள். "சாவு இல்லாம வூட்ல வாயத் தொறந்தா வூட்டுக்கு ஆவாது."

"வேற எங்க பாடுவீங்கக்கா?"

காசியம்மாள் யோசித்துவிட்டு, ஊருக்கு வெளியே இருந்த மோட்டார் கொட்டகைக்குக் கூட்டிப் போனாள். பொழுது சாய்வதற்குள் முடித்துவிட வேண்டும், விளக்கு வைத்த நேரத்தில் அந்தக் குரல் எங்கேயும் கேட்கக் கூடாது, அது ஒன்றுதான் அவள் கேட்டது. சனிக்கிழமை என்பதால் சுபஸ்ரீயும் கூடப் போனாள். பிளஸ் ஒன் படிக்கிறவள், மெட்ராஸ்காரியிடம் பேச அம்மாவுக்குத் துணையாக இருக்கட்டுமே என்று.

கொட்டகையில் உட்கார்ந்ததும் வேறு பிரச்சினை வந்தது. காசியம்மாளுக்கு வாய் வரவில்லை.

"சும்மா பாட்டு பாடற மாதிரி பாடுங்கக்கா."

"இது பாட்டு இல்லம்மா. ஆளு வோணும். யாருக்குன்னு அழறது?"

செத்துப்போன அம்மாவை நினைத்துப் பார்த்தாள். இரண்டு அடி வந்து நின்றுவிட்டது. "அவளுக்கு அழுது தீத்துட்டேன். வரமாட்டேங்குது," என்றாள். செந்தமிழ்ச்செல்வி பாவம், ரெக்கார்டரை அணைப்பதும் போடுவதுமாக உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்கு முந்தின ராத்திரி சின்னக்கண்ணு வீட்டுக்கு வரவில்லை. போன் அணைந்து கிடந்தது. கள்ளக்குறிச்சியில் சாராயச் சாவு விழுந்த அந்த வருஷம் காசியம்மாள் சொந்தத்தில் இரண்டு வீட்டுக்குப் போய் அழுது, தொண்டை கட்டி, நாள்கணக்கில் பேச்சில்லாமல் கிடந்தவள். அதிலிருந்து புருஷன் வர நேரமானால் அவள் படுக்க மாட்டாள். சுவரில் சாய்ந்துகொண்டு தெருவைப் பார்த்தபடி இருப்பாள். அந்த ராத்திரியும் அப்படித்தான் இருந்தாள். விடிந்தும் ஆள் வரவில்லை. அந்த முகத்தோடுதான் மோட்டார் கொட்டகைக்கு வந்திருந்தாள்.

சுபஸ்ரீக்கு அந்தச் சமயத்தில் என்ன புத்தி போனதோ. அம்மாவுக்கு வரவில்லையே, ரெக்கார்டரை வைத்துக்கொண்டு ஒருத்தி காத்திருக்கிறாளே என்ற தவிப்பு. பரீட்சையில் பக்கத்துப் பெண்ணுக்கு விடை சொல்வது போல அம்மாவின் காதருகே குனிந்தாள்.

"அப்பாவ நெனச்சிக்கோம்மா."

காசியம்மாள் மகளைப் பார்த்தாள். அடிப்பாள் என்று சுபஸ்ரீ நினைத்தாள். அடிக்கவில்லை. முடிச்சை அவிழ்த்து முடியை விட்டாள். மார்பில் ஒரு தட்டு தட்டினாள். அப்புறம் நிற்கவே இல்லை.

*பச்ச வண்டி ஏறிப் போன என் ராசாவே*
*பாதி வழி நின்னதென்ன என் ராசாவே*
*அரைவெரலு கையால அணைச்ச கரும்பெல்லாம்*
*அனாதையா நிக்குதுங்களே என் ராசாவே*

புருஷன் பேரை அவள் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டாள். சொல்லத் தேவையும் இல்லை. பச்சை டிராக்டர் ஓட்டுகிறவன், இடது கட்டைவிரலில் பாதியை டிரெய்லர் கொக்கிக்குக் கொடுத்தவன், அந்தச் சுற்றுவட்டத்தில் ஒரே ஆள்தான். செந்தமிழ்ச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டே பதிவு செய்தாள். யாருக்கான அழுகை என்று அவளுக்குத் தெரியாது. அவளிடம் யாரும் சொல்லவும் இல்லை.

அவள் போன பிறகு காசியம்மாள் போர் தண்ணீரில் தலை முழுகினாள். ஈரத்தோடு வீடு வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் டிராக்டர் சத்தம் கேட்டது. ஆலையில் மிஷின் நின்றுபோய் ராத்திரி முழுக்க வரிசையில் காத்துக் கிடந்தாராம், போனில் சார்ஜ் இல்லையாம்.

"சோறு வை. கொலப்பசி," என்றார் சின்னக்கண்ணு. அப்புறம் அவள் தலையைப் பார்த்தார். "தலை முழுகியிருக்க? எங்க எழவு? யாரு போனது?"

"யாரோ," என்றாள் காசியம்மாள். தட்டில் சோற்றைப் போட்டாள். அவர் போதும் என்ற பிறகும் இன்னொரு கரண்டி போட்டாள்.

அதோடு முடிந்திருந்தால் சரி. அடுத்த மாதமே சின்னக்கண்ணு கரும்பு லோடின் மேலிருந்து சங்கிலி கட்டும்போது வழுக்கி விழுந்தார். விலாவில் அடி. கட்டுப் போட்டு, மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வலி குறைந்தது. ஆனால் சிரித்தாலும் இருமினாலும் கையை விலாவில் வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது. அவர் கையை அங்கே வைக்கும்போதெல்லாம் சுபஸ்ரீக்கு மோட்டார் கொட்டகை ஞாபகம் வரும்.

பொங்கல் கழித்து செந்தமிழ்ச்செல்வியிடமிருந்து போன் வந்தது. பிப்ரவரியில் டெல்லியில் நடக்கும் பெரிய கலைச் சந்தையில், வெளிநாட்டுக்காரர்களெல்லாம் வருகிற இடத்தில், அந்த ஒப்பாரி வைக்கப்படுகிறது.

"அக்கா மொத நாள் கண்டிப்பா வரணும் சுபா. தனியா வர யோசிப்பாங்க, அண்ணனும் வரட்டும், நீயும் வா. ரயில் டிக்கெட்டு, ரூம் எல்லாம் கேலரில பாத்துக்குவாங்க. ஆதார் மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு."

"அங்க எப்டிக்கா வெப்பீங்க? போட்டோ மாதிரியா?"

"லூப்ல ஓடும். முடிஞ்சதும் மறுபடியும் முதல்ல இருந்து வரும். நாலு நாளு, காலைல இருந்து ராத்திரி ஏழு மணி வரைக்கும். இரு, படம் அனுப்பறேன்."

படம் வந்தது. வெள்ளையடித்த அறை. நடுவில் ஒரு ஐஸ் பெட்டி. சாவு வீட்டுக்கு வாடகைக்கு வருமே, கண்ணாடி மூடி போட்ட அதே பெட்டி. உள்ளே டியூப்லைட் வெளிச்சம். ஆள் இல்லை. பெட்டிக்குள்ளிருந்துதான் குரல் வரும் என்று கீழே எழுதி, பதிவையும் கூடவே அனுப்பியிருந்தாள் செந்தமிழ்ச்செல்வி.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கணக்குப் போடப் போய், சுபஸ்ரீ பாதியில் நிறுத்திவிட்டாள். அந்தப் பெட்டி காலியாக இல்லை. அவள் கண்ணுக்கு அதற்குள் விலாவில் கை வைத்தபடி ஒரு ஆள் படுத்திருந்தார்.

அம்மாவிடம் படத்தைக் காட்டினாள். காசியம்மாள் போனைக் கையில் வாங்காமல் பார்த்தாள்.

"இன்னா சொன்னேன் அந்தப் பொண்ணுகிட்ட, வெளக்கு வெக்கற நேரத்துல வேணாம்னு. ஏழு மணி வரைக்குமா?"

"மறந்திருப்பாங்க. கேக்கட்டா?"

"கேளு." பிறகு, "வேணாம், வுடு. ஏன் எதுக்குன்னு அந்தப் பொண்ணு நோண்டும். அப்பால எல்லாம் வெளிய வரும். நீ பேசாத. நானும் பேசல." இடுப்பில் கையை ஊன்றி எழுந்தாள். "ஒடம்பெல்லாம் வலிக்குதுடி. எனக்கு யோசிக்க முடியல."

சின்னக்கண்ணுவுக்கோ யோசிக்க நிறைய இருந்தது. அவருக்கு டெல்லி என்பது ஸ்வெட்டரில் ஆரம்பித்து, ரயிலில் தூங்க மேல் பெர்த்தா கீழ் பெர்த்தா என்று வளர்ந்து, புளிச்சோறு எத்தனை வேளைக்குத் தாங்கும் என்பதில் வந்து நின்றது. டீக்கடையில் யாரோ, "பொண்டாட்டி அழறத பாக்க டெல்லிக்கா போற? வூட்லயே பாக்கலாமே," என்றானாம். "வூட்ல அழுதா எவன் டிக்கெட் போட்டுக் குடுப்பான்?" என்று கேட்டாராம். அதை வீட்டில் வந்து சொல்லிச் சிரித்து, விலாவைப் பிடித்துக்கொண்டார்.

சுபஸ்ரீயின் கடைசி நம்பிக்கை வெட்டு ஆர்டரில் இருந்தது. யார் கரும்பை எப்போது வெட்ட வேண்டும் என்று ஆலைதான் தேதி சொல்லும். ஆர்டர் வந்துவிட்டால் கல்யாணமானாலும் கருமாதியானாலும் வெட்டி அனுப்பியே ஆக வேண்டும். வெட்டின கரும்பு வெயிலில் கிடந்தால் எடை இறங்கிப் போகும். நாராயணசாமியின் கரும்புக்கு ஆர்டர் சரியாக டெல்லி வாரத்தில் வந்து விழுந்தது. அதைக் கேட்ட அன்றைக்கு சுபஸ்ரீ ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் சின்னக்கண்ணு நாராயணசாமியிடமே போய் நின்றார். திரும்பி வந்தபோது முகமெல்லாம் பல்.

"அய்யா இன்னா சொன்னாரு தெரியுமா? 'போய்ட்டு வாடா, நான் கூட டெல்லி பாத்ததில்ல, எனக்கும் சேத்துப் பாத்துட்டு வா'ன்னாரு. மாத்து டிரைவருக்கு அவரே ஆளு சொல்லிட்டாரு. மொத ரெண்டு லோடு நான் எறக்கி வுட்டுட்டா போதும்."

காசியம்மாள் எழுந்தாள். அரிவாளை எடுத்துக்கொண்டு தீட்டப் போய்விட்டாள். தீட்டும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

அம்மாவும் சொல்ல மாட்டாள். அப்பா வருவது உறுதி. வந்தால் அந்த வெள்ளை அறையில், நாலு பேர் மத்தியில், பெட்டி முன்னால் நின்று கேட்பார். பச்சை வண்டி என்றதும் காதைத் தீட்டுவார். அரைவிரல் என்றதும் தன் கையைப் பார்ப்பார். அதைத் தாண்டி சுபஸ்ரீயால் நினைக்க முடியவில்லை. சொல்லிக் கொடுத்தவள் அவள். அப்பா உயிரோடு இருக்கும்போதே எழவுக்கு எடுத்துக் கொடுத்தவள்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, சின்னக்கண்ணு ஆலை வரிசையில் நின்றார். சோறு கொண்டு போக வேண்டும். காசியம்மாள் வெட்டிலிருந்து அப்போதுதான் வந்து தரையிலேயே சாய்ந்திருந்தாள். தூக்குச்சட்டியை சுபஸ்ரீ எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஆலை மைதானத்தில் டிராக்டர்கள் வரிசையின் வால் தெரியாமல் நின்றன. நடுநடுவே மாட்டு வண்டிகள். வெல்லப்பாகு வாசனை மூக்கில் அப்பிக்கொண்டது. ஓட்டுநர்கள் வண்டிக்கடியில் சாக்கு விரித்துப் படுத்திருந்தார்கள். சின்னக்கண்ணு லோடுக்கு மேலே உட்கார்ந்திருந்தார்.

"மேல வா பாப்பா. காத்து வருது."

"விழுந்துடுவப்பா. எறங்கு."

"ஒரு தபா வுழுந்தவன் மறுபடியும் வுழமாட்டான். ஏறு."

ஏறினாள். அவர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். மேற்கே கல்வராயன் மலை மேல் எங்கோ காட்டுத்தீ சின்னக் கோடாக ஊர்ந்துகொண்டிருந்தது. அவர் கையைக் கழுவி, லுங்கியில் துடைத்து, ஒரு கரும்பை உருவிக் கடித்தார்.

"ப்பா, டெல்லிக்கு நீ வர வேணாம்."

"ஏன்? உங்கம்மா சொன்னாளா? நான் அங்க வந்து குடிச்சிட்டு மானத்த வாங்குவேன்னா?"

"அம்மா சொல்லல."

"பின்ன யாரு சொன்னது?"

"நானேதான் சொல்றேன்."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். கோவையாகச் சொல்ல வரவில்லை. ஐஸ் பெட்டியில் ஆரம்பித்து, அவர் விழுந்ததற்குத் தாவி, மோட்டார் கொட்டகைக்குத் திரும்பி வந்தாள். காதோடு குனிந்து என்ன சொன்னாள் என்பதைக் கடைசியில்தான் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தூக்குச்சட்டியின் மூடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

கரும்பு மெல்லும் சத்தம் நின்றிருந்தது.

"அன்னிக்குத்தான் தலை முழுகியிருந்தாளா," என்றார் சின்னக்கண்ணு.

"ஆமாம்பா."

"'யாரோ'ன்னா."

"ஆமாம்."

கீழே யாரோ ஒரு ஓட்டுநர் குறட்டை விட்டார். வரிசை ஒரு வண்டி தூரம் நகர்ந்தது. சின்னக்கண்ணு இறங்கிப் போய் டிராக்டரை நகர்த்தி நிறுத்திவிட்டு மறுபடி மேலே ஏறி வந்தார். மூச்சு வாங்கியது.

"போன்ல வெச்சிருக்கியா?"

"வேணாம்பா. வெளக்கு வெச்ச நேரம்."

"செத்தவன் நான்தானடி. எனக்கு ஏது நேரம்? போடு."

ஹெட்செட்டில் ஒரு காதை அவருக்குக் கொடுத்து, இன்னொன்றைத் தன் காதில் வைத்துக்கொண்டாள். அம்மாவின் குரல் வந்தது. அதற்குப் பின்னால் மோட்டார் கொட்டகைக் குருவிச் சத்தம்கூட இருந்தது. பச்சை வண்டி வந்தது. அரைவிரல் வந்தது. சின்னக்கண்ணு தன் இடது கையைத் திருப்பிப் பார்த்து, மடியில் வைத்துக்கொண்டார்.

*வெள்ளச் சட்ட தொவச்சி வெச்சேன் என் ராசாவே*
*வெயிலுக்குள்ள காயுதுங்களே என் ராசாவே*
*பத்துப் பவுனு சரடு வாங்கிப் பந்தலில பூட்டுனீங்க*
*பூட்டுன கை எங்க போச்சி என் ராசாவே*

முடிந்ததும் இன்னொரு தபா போடச் சொன்னார். அதுவும் முடிந்த பிறகு ஹெட்செட்டைக் கழற்றி, ஒயரில் சிக்கெடுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"வெள்ளச் சட்டன்றா. எங்கிட்ட ஏது வெள்ளச் சட்ட? கல்யாணத்துக்குப் போட்டதே உங்க மாமன் சட்ட."

"அது பாட்டுக்காகப்பா."

"பத்துப் பவுனாம்." சிரிப்பு வந்துவிட்டது. கை விலாவுக்குப் போனது. "கால் பவுனுக்கு மேல அவ கழுத்துல நான் ஏத்துனதில்ல. அதுவும் பாதி நாளு அடகுக் கடையில. பாட்டுலயாவது போட்டுக்கினாளே."

"எனக்கு பயமா இருக்குதுப்பா."

"இன்னாத்துக்கு?"

"நீ விழுந்தியே."

"அது செருப்பு வழுக்குச்சி. தேஞ்ச செருப்பு." கரும்புச் சக்கையைத் துப்பினார். வேறெங்கோ பார்த்தபடி கேட்டார்: "அவ பாடனதுக்கு முன்னவா, பின்னவா?"

"பின்ன."

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், சரக்கு நல்லதா என்று தட்டிப் பார்ப்பது போல மெதுவாகச் சொன்னார்: "உசுரோட இருக்கறவன செத்துட்டான்னு சொல்லிட்டா ஆயுசு கெட்டின்னுவாங்க. கேட்டிருக்கியா?"

"கேட்டிருக்கேன்."

"ம். நானும் கேட்டிருக்கேன்."

இரண்டு பேரும் அதை நம்பிப் பார்க்க முயன்றபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"செல்வி அக்காகிட்ட வேணாம்னு சொல்லிடட்டா? பெட்டிய எடுத்துடச் சொல்லிடட்டா?"

"அவ அழுது முடிச்சத நான் வேணான்னா திரும்பிடுமா?" என்றார் சின்னக்கண்ணு. "நான் வரல, வுடு. அங்க போயி அந்தப் பெட்டி முன்னால நின்னா உங்கம்மா மூஞ்சிய நான் பாக்கணும், எம் மூஞ்சிய அவ பாக்கணும். ரெண்டு பேராலயும் ஆவாது. மாத்து டிரைவரு கெடைக்கலன்னு சொல்லிடறேன். எனக்குத் தெரியும்னு அவகிட்ட மூச்சு வுடாத. தெரிஞ்சா அவளும் போவமாட்டா. போவட்டும். வெட்டி வெட்டி முதுவு ஒடிஞ்சி போச்சி அவளுக்கு. ரயில்லயாவது படுத்துக்கினு போவட்டும்."

கடைசி பஸ்ஸைப் பிடிக்க அவள் இறங்கி ஓடியபோது, மேலிருந்து குரல் கொடுத்தார். "பாப்பா. அவளுக்கு வரலன்னுதான சொல்லிக் குடுத்த?"

"ஆமாம்பா."

"செரி, போ. பஸ்ஸு போயிடும்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

மாற்று டிரைவர் வராத செய்தியைக் கேட்டதும் காசியம்மாள் அரைத்துக்கொண்டிருந்த அம்மிக்கல்லை விட்டு நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். "அப்டியா," என்றாள். அன்றைக்குக் குழம்பில் உப்பு சரியாக இருந்தது. பல நாளாக ஜாஸ்தியாகவோ கம்மியாகவோதான் இருந்துகொண்டிருந்தது. புளிச்சோறு கிளறினாள். இருக்கிற இரண்டு நல்ல சேலையில் எது என்று மகளிடம் கேட்டாள். "உங்கப்பன் வரலன்னதும்தான் எனக்கு உசுரே வந்துச்சி," என்று இருட்டில் படுத்துக்கொண்டு கிசுகிசுத்தாள். சுபஸ்ரீ தூங்குவது போல இருந்துவிட்டாள். நேற்று வரைக்கும் அப்பாவிடமிருந்து மறைத்தது. இன்றைக்கு அம்மாவிடமிருந்து. வீடு என்னவோ அதே வீடுதான்.

கிளம்பும் அன்றைக்குக் காலையில் சின்னக்கண்ணு பஸ் நிறுத்தம் வரை பையைத் தூக்கி வந்தார். திருக்கோவிலூர் போய், விழுப்புரம் போய், சென்னையில் செந்தமிழ்ச்செல்வியோடு சேர்ந்துகொண்டு ரயில் ஏற வேண்டும். மெரூன் ஸ்வெட்டர் காசியம்மாளின் தோளில் இருந்தது. அவர்தான் போட்டுவிட்டார்.

"உனக்குக் கைய அளவெடுத்து தெச்ச மாதிரி இருக்குது," என்றார்.

"வேர்க்குது," என்றாள் அவள். கழற்றவில்லை.

பஸ் வந்தது. ஜன்னல் ஓரம் சுபஸ்ரீக்கு விட்டுவிட்டு காசியம்மாள் உள்பக்கம் உட்கார்ந்தாள். சின்னக்கண்ணு வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார். தண்ணி பாட்டில் இருக்கிறதா, ஆதார் இருக்கிறதா, ரயிலில் யார் எது கொடுத்தாலும் தின்னாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். கண்டக்டர் விசில் அடித்தார். பேச்சு தீர்ந்துபோன மாதிரி நிறுத்தியவர், கம்பியை விடாமல், மகளைத் தாண்டி காசியம்மாளைப் பார்த்தார்.

"அந்தச் செல்வி பொண்ணுகிட்ட சொல்லிடு. வெளக்கு வெக்கற நேரத்துல மட்டும் நிறுத்திடணும். மத்த நேரமெல்லாம் நான் செத்துக்கினே இருக்கேன், பரவால்ல."

சத்தமாகச் சொல்லவில்லை. டிரைவரிடம் டீசல் இருக்கிறதா என்று கேட்கும் குரல். சொல்லிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். பஸ் நகர்ந்தது. சுபஸ்ரீ எட்டிப் பார்த்தாள். அவர் ஆலை ரோட்டைப் பார்த்துத் திரும்பி நடந்துகொண்டிருந்தார். இடது கை விலாவில் இருந்தது.

காசியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊர் எல்லை, கரும்பு, இன்னும் கரும்பு, தென்பெண்ணைப் பாலம். சுபஸ்ரீ போனை எடுத்து, இத்தனை நாள் கேட்கத் துணியாததைச் செந்தமிழ்ச்செல்விக்குக் குரலாகவே பேசி அனுப்பினாள். "அக்கா, ஒரே ஒரு விசயம். ஆறு மணிக்கு அம்மாவ நிறுத்திடுங்க. காரணம் நேர்ல சொல்றேன்." ஒற்றை டிக் விழுந்தது. இரண்டாவது வரவில்லை. செல்வி அக்காவின் போன் அணைந்திருக்கலாம்.

"எப்ப சொன்ன?" என்றாள் காசியம்மாள்.

"முந்தாநேத்து. ஆலையில."

"கேட்டாரா?"

"ரெண்டு தபா."

காசியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். திட்டப் போகிறாள் என்று சுபஸ்ரீ காத்திருந்தாள். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"பத்துப் பவுனுன்னு பாடியிருப்பேனே," என்றாள் காசியம்மாள் கண்ணைத் திறக்காமலே. அந்த முகத்தில் இப்போது இருந்தது பயமில்லை, வெட்கம். "அதையுமா கேட்டாரு?"

"கேட்டாரு."

"இன்னா சொன்னாரு?"

"பாட்டுலயாவது போட்டுக்கினாளேன்னாரு."

காசியம்மாளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா, சிரிப்பா, வெறும் பெருமூச்சா என்று சுபஸ்ரீயால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் தோளில் பாரம் கூடியது. திரும்பிப் பார்த்தாள். திருக்கோவிலூர்கூட வரவில்லை, அதற்குள் அம்மா வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போயிருந்தாள். கழுத்தில் வேர்த்திருந்தது. ஸ்வெட்டரைக் கழற்றிவிடலாமா என்று யோசித்தாள். எழுந்துவிடுவாள் என்று அப்படியே விட்டுவிட்டாள்.